தொட்டதெல்லாம் ஃபவுலா?

போன ஞாயிறு ஓசூரிலிருந்து ஒகேனக்கல் போயிருந்தோம். ஒன்பதாவது படிக்கும் என் மகன் வழி முழுக்க என்னிடம் பேசவில்லை. முந்தின நாள் எங்கள் குடியிருப்பில் நடந்த பேஸ்கட்பால் மேட்ச்சில் விசில் என் கையில். கடைசி நிமிஷத்தில் அவனுக்கு ஐந்தாவது ஃபவுல் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டேன். அவன் கோபம் அதில்தான்.

பாறை இடுக்கில் எதிரே வந்த பரிசல் எங்கள் பரிசலில் இடித்தது. பரிசல்காரர் கண்டுகொள்ளவே இல்லை, துடுப்பைப் போட்டுக்கொண்டே போனார். "இது ஃபவுல் இல்லையாப்பா?" என்றான். அன்றைக்கு அவன் பேசின முதல் வார்த்தை!

வீட்டுக்கு வந்ததும், வழக்கம்போல, பழைய விதிகளைத் தோண்டினேன். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதியவை மொத்தம் 13 விதிகள்தான். தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, காலை வாருவது, அடிப்பது எல்லாம் ஃபவுல். இரண்டாவது ஃபவுல் செய்தால் அடுத்த கோல் விழும்வரை வெளியே நிற்க வேண்டும். வேண்டுமென்றே காயப்படுத்தினால் ஆட்டம் முடியும்வரை வெளியே, மாற்று ஆளும் கிடையாது. ஒரு அணி தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் எதிரணிக்கு ஒரு கோல். ஃப்ரீ த்ரோ அப்போது இல்லவே இல்லை. இன்னொரு விஷயம் எனக்குப் பிடித்தது: ஆட்களைக் கவனிக்க அம்பயர், பந்தைக் கவனிக்க ரெஃப்ரி என்று ஆளுக்கொரு வேலை. நான் சனிக்கிழமை இரண்டையும் ஒத்தை ஆளாகப் பார்த்தேன். (சாக்குதான்.)

எங்கள் தொழிலில் நிபந்தனை பொருந்தினால் கோடு ஓடியே தீரும். ஆட்டத்தை அப்படி ஓட்டினால் நிமிஷத்துக்கு நாலு விசில் அடிக்க வேண்டியிருக்கும். நாற்பது வருஷத்துக்கு மேல் அமெரிக்க விதிப்புத்தகத்தைத் தொகுத்த ஆஸ்வால்ட் டவர் இதைத்தான் யோசித்தார். தொட்டானா என்பதோடு நிற்காமல், அந்தத் தொடலால் எதிராளிக்குப் பாதகம் வந்ததா என்றும் பார்க்கச் சொன்னார். நடுவர்கள் இன்றும் இதை அவர் பெயராலேயே சொல்கிறார்கள். சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிகளும் அதே வழிதான்: யாருக்கும் சாதகமோ பாதகமோ தராத தற்செயல் உரசலுக்காக ஆட்டத்தை நிறுத்தக் கூடாது.

நம்ம ஊருக்கும் ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் ஒரு தொடுப்பு உண்டு. அங்கே படித்த ஹாரி குரோ பக்தான் 1920ல் மெட்ராசில் ஒய்எம்சிஏ உடற்கல்விப் பள்ளியை ஆரம்பித்தார். தலைமுறை தலைமுறையாக நம்ம பி.டி. வாத்தியார்கள் அங்கே தயாரானார்கள்.

இதற்காக எல்லாவற்றையும் விட்டுவிட முடியாது. ஷூட் செய்து குதித்தவன் இறங்கும் இடத்தில் காலை வைத்தால் கணுக்கால் போய்விடும். பந்து கூடைக்குள் விழுந்திருந்தாலும் அது ஃபவுல்தான். பந்து கையைவிட்டுப் போவதற்கு முன் மணிக்கட்டில் பட்டால் அதுவும் ஃபவுல்தான், குறி தப்பிவிடுமே.

என் மகன் தொட்டது பந்து போன பிறகு, முழங்கைக்குப் பக்கத்தில், விரல் நுனியால். பந்தும் விழுந்தது, அந்தப் பையனும் சரியாகவே இறங்கினான். சொந்தப் பையனுக்குச் சலுகை காட்டுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் அடித்தேன்.

திங்கட்கிழமை ராத்திரி அவனிடம் அதைச் சொன்னேன். "அப்ப நாலு ஃபவுல்தானே?" என்றான்.

"நாலுதான்."

"மூணாவதும் தப்புப்பா," என்று ஆரம்பித்தான்.