வாட்ச் காட்டுற கலோரி யாரோட கலோரி?

சத்திரம் பஸ் ஸ்டாண்ட், மே மாசம், மத்தியானம் ரெண்டு மணி. ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு ஒருத்தர் நிக்கிறார்னு வெச்சுக்கோங்க. வயசு 28, எடை 70 கிலோ. வெயில்ல நாடித்துடிப்பு 95. இணையத்துல நிறைய கால்குலேட்டர்கள் பயன்படுத்துற ஒரு சமன்பாட்டுல இதைப் போட்டா, பத்து நிமிஷத்துல 58 கலோரி எரிச்சிருக்கார்னு வரும். சும்மா நிக்கிறதுக்கு உண்மையில சுமார் 15தான் ஆகும்.

ஏன் இப்படி? ஒரு லிட்டர் ஆக்ஸிஜன் செலவானா சுமார் 5 கலோரி எரியும். ஓடும்போது தசை ஆக்ஸிஜன் கேக்குது, இதயம் வேகமா துடிக்குது. அதனால துடிப்பை வெச்சு கலோரியை ஊகிக்கலாம். ஆனா வெயில்ல இதயம் வேகமா துடிக்கிறது உடம்பைக் குளிர வைக்க, தோலுக்கு ரத்தம் அனுப்பத்தான். டென்ஷன்லயும் துடிப்பு ஏறும். தசை வேலையே செஞ்சிருக்காது.

அந்தச் சமன்பாடு 2005ல தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன்ல இருந்து வந்தது. கீட்டல் குழுவினர், தொடர்ந்து உடற்பயிற்சி செய்யுற 115 பேரை அளந்து, துடிப்பு, எடை, வயசு, பாலினம் வெச்சு உருவாக்கினாங்க. உடற்பயிற்சி நேரத்துக்கான சமன்பாடு அது. பஸ் ஸ்டாண்டுக்கு இல்ல. நம்ம ஃபீல்டு பாஷைல சொன்னா, ட்ரெய்னிங் டேட்டாவுக்கு வெளிய போயிட்டோம்.

இந்தப் பிரச்சினை புதுசு இல்ல. நம்ம மெட்ராஸ்லயே ஒரு கதை இருக்கு. பாஸ்டன்ல கார்னகி ஊட்டச்சத்து ஆய்வகத்தை நடத்தினவர் ஃபிரான்சிஸ் பெனடிக்ட். ஓய்வுல உடம்பு எவ்வளவு கலோரி செலவழிக்கும்னு கணக்கிட, 1919ல ஹாரிஸோட சேர்ந்து அவர் போட்ட சமன்பாடு இன்னிக்கும் புழக்கத்துல இருக்கு. அது அமெரிக்கர்களை அளந்து போட்டது. மெட்ராஸ் விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல இருந்த எலினார் மேசன், தென்னிந்தியப் பெண்களை அளந்து பாத்தார். 1931ல பெனடிக்ட்டோட சேர்ந்து முடிவை வெளியிட்டார்: அமெரிக்க அளவுகோலை விட சுமார் 17 சதவீதம் கம்மி! சமன்பாடு போட்டவரே, அது இங்க பொருந்தலைங்கற ஆய்வுல பேர் போட்டிருக்கார். அதுதான் எனக்குப் பிடிச்ச இடம்.

அப்போ நம்ம உடம்பு வேற ரகமா? அப்படியும் சொல்ல முடியாது. 1998ல சோரஸ் குழுவினர் இந்திய, ஆஸ்திரேலியத் தரவுகளை ஒப்பிட்டாங்க. கொழுப்பு நீங்கலான உடல் எடையைக் கணக்குல எடுத்ததும், இனத்தால வித்தியாசம்னு சொல்ல ஆதாரம் கிடைக்கல. ஒரே 70 கிலோவுல ஒருத்தருக்குத் தசை அதிகம், இன்னொருத்தருக்குக் கொழுப்பு அதிகம். சமன்பாடு எடையைத்தான் கேக்குது. தசை எவ்வளவுன்னு கேக்குறதில்ல.

அதனால வாட்ச்சைத் தூக்கிப் போட வேண்டாம். போன வாரம் நீங்க ஓடினதையும் இந்த வாரம் ஓடினதையும் ஒப்பிட அது உதவும். ஆனா "300 எரிச்சாச்சு"ன்னு கணக்குப் பாத்து 300க்கு பரோட்டா சாப்பிடாதீங்க. அந்த 300 ஒரு ஊகம். அதுவும் வேற யாரையோ அளந்து போட்ட ஊகம்.