திடலுக்கு வந்த ஆசிரியர்

சிரம்பானிலிருந்து தம்பின் செல்லும் வழியில், ரெம்பாவ் மாவட்டத்தில் அமைந்த சிற்றூர் பெடாஸ். வெளியூரார் அதனை வெந்நீர் ஊற்றைக் கொண்டே அறிவர். நெகிரி செம்பிலானின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கோ நாள் விடிந்தது பிரட்டுக் களத்தில். விடியுமுன் வரிசையில் நிற்றல், பெயர் அழைக்கப்படுதல், ஏவிய நிரைக்குச் செல்லுதல் என்பன பெற்றோரின் நித்திய கடன்கள். பள்ளியிலும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கையை உயர்த்து, தாழ்த்து என்று ஏவுவதே உடற்பயிற்சி என்றால், அது தந்தையர் நின்ற பிரட்டின் மறுபதிப்பே அன்றி வேறென்ன?

தாயகத்திலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. ஆங்கிலேயர் ஆட்சியில் பள்ளிகளின் ‘டிரில்’ வகுப்புக்குப் பெரும்பாலும் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்களே அமர்த்தப்பட்டனர். கட்டளையிட அவர்கள் அறிந்திருந்தனர். குழந்தையின் எலும்பு எவ்வாறு வளர்கிறது, மூச்சு எப்போது இளைக்கிறது என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. ஏனைய ஆசிரியர்கள் அவர்களைத் தமக்கு நிகராக மதித்ததும் அரிது. மதிப்புப் பெறுவதற்குரிய கல்வி அவர்களுக்கு வழங்கப்படாதபோது, குறை அவர்களுடையது என்பது முறையாகாது.

இக்குறையைக் களைய முற்பட்டவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர். 1919இல் இந்தியா வந்த அவர், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். முதலில் சேர்ந்த மாணவர் ஐவரே. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி எனப் பெயர் பெற்று, அடையாற்றங்கரையில் நந்தனத்தில் பரந்த திடல்களோடு இன்றும் விளங்கும் நிறுவனத்தின் தொடக்கம் அத்துணைச் சிறியது.

பக் பயின்ற இடம் மாசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டு. அங்கேதான் 1891ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், உள்ளரங்கப் பயிற்சியில் சலிப்புற்ற பயிற்சி மாணவர்க்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் பழக்கூடைகளை மாடத்தில் கட்டிக் கூடைப்பந்தாட்டத்தைத் தோற்றுவித்தார். மாணவன் சலித்தால் மாற்ற வேண்டியது மாணவனையன்று, பாடத்தை என்னும் கருத்து அவ்வாட்டத்திலேயே பொதிந்துள்ளது. அம்மரபில் வந்த பக், விளையாட்டையே கல்வியின் கருவியாகக் கொண்டார். உடற்கூற்றியல், உடலியங்கியல், முதலுதவி, கற்பிக்கும் முறை, நடுவராகப் பணியாற்றும் திறன் ஆகியவை உடற்கல்வி ஆசிரியருக்குரிய கல்வியாயின. 1924ஆம் ஆண்டின் பாரிஸ் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்குச் சென்ற இந்திய அணிக்கும் அவர் துணைநின்றார். 1943இல் அவர் மறைந்தபோது, அக்கல்லூரியில் பயின்றவர்கள் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் உடற்பயிற்சி இயக்குநர்களாகப் பணியாற்றி வந்தனர்.

மலாயாவில் இம்மாற்றம் மெல்லவே வந்தது. 7 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி வேண்டும் என்ற சட்டத்தால் பயிற்சி பெற்ற ஆசிரியர் வந்துவிடவில்லை. பல இடங்களில் கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் கற்பித்தார். எழுத்தறிவிப்பவனுக்கே பஞ்சமான காலத்தில் திடலுக்குத் தனி ஆசிரியரை எவர் கனவு கண்டிருப்பர்!

விடுதலைக்குப் பின்னர்க் கோலாலம்பூர் செராஸில் இயங்கிய சிறப்பாசிரியர் பயிற்சிக் கல்லூரியில், ஏற்கெனவே பணியிலிருந்த ஆசிரியர்களும் உடற்கல்வி முதலிய துறைகளில் ஓராண்டுத் தனிப்பயிற்சி பெற வழி பிறந்தது. தமிழ்ப்பள்ளியோ தொடக்கநிலையோடு முடிவது. ஆகவே, இடைநிலைப்பள்ளியிலோ அதற்கு மேலோ உடற்கல்வி கற்பிக்க விரும்பிய தோட்டத்துப் பிள்ளை, முதலில் புகுமுக வகுப்பைத் தாண்டி, வேற்றுமொழியில் உடலியங்கியல் கற்றுத் தேற வேண்டியிருந்தது. நன்றாக ஓடினால் மட்டும் போதும் என்று எண்ணியவன் அவ்வாயிலிலேயே தடுமாறினான்.

இக்கல்வியின் பயனைக் காட்ட ஒரு சிறு கணக்கே போதும். வளைவுள்ள தடத்தில் எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிட்டால், வெளித்தடத்தில் ஓடும் சிறுவன் மிகுதொலைவு ஓட நேரும். தடத்தின் அகலம் 1.22 மீட்டர். அதனை இருமடங்காக்கிப் பையால் பெருக்கினால் ஏறத்தாழ 7.67 மீட்டர் வரும். முழுச் சுற்று ஓட்டத்தில் ஒவ்வொரு வெளித்தடத்துக்கும் அத்துணைத் தூரம் முன்தள்ளித் தொடக்கக்கோடு இட வேண்டும். வியப்பு யாதெனில், திடல் பெரிதாயினும் சிறிதாயினும் இவ்வெண் மாறுவதில்லை. நானூறு மீட்டர் அரங்குக்கு உரிய அதே அளவு, லயத்துக்கும் ரப்பர் நிரைக்கும் இடையே கிடக்கும் இருநூறு மீட்டர்த் திடலுக்கும் பொருந்தும். ஓர் அளவுநாடாவும் ஒரு வாளிச் சுண்ணாம்பும் கையிலிருந்தால், பயிற்சி பெற்ற ஆசிரியர் அத்திடலில் எட்டுப் பிள்ளைகளுக்கும் ஒத்த தொலைவை அளந்து கொடுத்துவிடுவார்.