படித்த வாலிபரும் வன்னி நிலமும்

சர்வகலாசாலைப் பட்டம் கைக்கு வந்தபின் யாது செய்வது என்ற கேள்வி நம் சமூகத்திலே புதியதன்று. 1857இல் நிறுவப்பட்ட சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவரே. அவருள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை அரசாங்க உத்தியோகம் பார்த்தார். பின்னர் புதுக்கோட்டையிலே நீதிபதியாகவும் அமர்ந்தார். ஆயினும் இன்று அவரை நாம் போற்றுவது வீரசோழியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சேற்றியமைக்காகவன்றோ? உத்தியோகம் அவருக்குச் சோறு தந்தது. வாழ்வின் பணியை அவர் தாமே தேடிக்கொண்டார்.

பின்வந்தோர் அவர் வாழ்வின் முற்பாதியை மாத்திரமே பின்பற்றினர். கச்சேரியிலே இலிகிதர், மலாயாவிலே புகையிரத உத்தியோகம், கொழும்பிலே கணக்கர் என்ற வழி அகலத் திறந்திருந்தது. இதனைக் குறையாகக் கூறுவது நியாயமன்று. குடாநாட்டிலே ஆறில்லை, காணியோ துண்டுதுண்டாகச் சுருங்கிற்று. மாதச் சம்பளமே பல குடும்பங்களைத் தாங்கிற்று. “உத்தியோகம் புருஷ லட்சணம்” என்ற வாக்கு அந்த நெருக்கடியிலேதான் நம் வீடுகளில் வேரூன்றியது.

வன்னியின் நிலையோ இதற்கு நேர்மாறானது. இங்கே காடும் குளமும் மிகுதி, மனிதர் குறைவு, மலேரியாவோ அக்காலத்திலே கொடிதாயிருந்தது. 1902இல் தொடங்கிய இரணைமடுக் குள வேலை 1920இலே முடிவுற்றது. யாழ்ப்பாணத்துச் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கவென 1936இலே கிளிநொச்சியிற் குடியேற்றம் ஆரம்பமாயிற்று. அவ்வாறு வந்தவர்கள் மண்வெட்டி பிடித்துப் பழகியவர்கள். படித்தவன் காடு வெட்ட வருவான் என அக்காலத்தில் எவரும் எண்ணியிரார்.

அவனையும் வரச்செய்த காரணங்கள் வேறு. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1959இல் மேலும் இரு பல்கலைக்கழகங்கள் எழுந்தன. கற்றோர் தொகை பெருகிற்று. உத்தியோகங்கள் அவ்வாறு பெருகவில்லை. 1956ஆம் ஆண்டு அரசகரும மொழிச் சட்டம் தமிழ் வாலிபருக்கு இருந்த வாயிலையும் ஒடுக்கிற்று. தெற்கிலும் படித்த இளைஞர் மனம் கொதித்திருந்தனர் என்பதை 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சி காட்டியது. அவ்வாண்டிலேயே டட்லி சீயர்ஸ் என்ற ஆங்கிலப் பொருளியலறிஞர் தலைமையில் சர்வதேசத் தொழில் தாபனத்தின் குழுவொன்று இலங்கைக்கு வந்தது. வேலையின்மை ஒருபுறமிருக்க, கற்றோர் எதிர்பார்க்கும் வேலைக்கும் நாட்டிலுள்ள வேலைக்கும் இடையேயுள்ள தூரமே பெரும் பிரச்சினை என அக்குழு எடுத்துரைத்தது.

இந்தச் சூழலிலேதான் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டங்கள் உருவாயின. அவை பட்டதாரிகளுக்கென்றே வகுக்கப்பட்டவையல்ல. பள்ளிப் படிப்பை முடித்து உத்தியோகமின்றி இருந்தோருக்கானவை. எனினும் நம் கேள்விக்கு வன்னி மண் தந்த மிக நெருங்கிய விடை அதுவே. வாலிபர் கொட்டிலமைத்துத் தங்கினர். நெல்லை மாத்திரம் நம்பாமல் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டனர். மிளகாய் இலகுவான பயிரன்று. நாற்று மேடையிலிருந்து பிடுங்கி நட்டு, முறைதவறாது நீர் இறைத்து, களை பிடுங்கி, இலைச்சுருளுக்கு அஞ்சி, பழுத்ததை வெயிலிலே காயவைத்து முடிக்கும்வரை கண்ணயர முடியாது. பழம் காயும் நாளிலே ஒரு மழை பெய்தாலே போதும், பாடெல்லாம் வீண். பயிர்நூலை வாசித்து விளங்கக்கூடியவனுக்கு மருந்தும் பசளையும் அளந்து இடுவதிலே சற்று முந்திரம் இருந்தது என்பது என் எண்ணம், கல்வி வீணாகவில்லை.

1970 முதல் 1977 வரை இருந்த அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கிற்று. உடனே விலை ஏறியது. வன்னியிலே செத்தல் மிளகாய் மூட்டை பணமாயிற்று. கமக்கார வாலிபன் உத்தியோகத்தனுக்குச் சமமாக நிமிர்ந்து நடந்தான். பெண்கொடுக்கத் தயங்கிய வீடுகளும் மனம் மாறின என்று பெரியோர் சொல்லிச் சிரிப்பதுண்டு.

ஆனால் 1977இலே புதிய அரசாங்கம் இறக்குமதிக் கதவைத் திறந்தது. மிளகாய் விலை சரிந்தது. உழைப்பிலே குறையில்லை, மண்ணிலும் குறையில்லை, சந்தை கையைவிட்டது. அதன்பின் வந்த யுத்தமும், 2009இன் தொடக்கத்தில் விசுவமடு கண்ட இடப்பெயர்வும் நாம் அறிந்தவை. ஆகவே, “வாலிபரே, கமத்துக்குத் திரும்புங்கள்” என்று மேடையிலே முழங்குவோர் இந்தக் கதையின் பிற்பகுதியையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இன்று வன்னிக்குச் சொந்தமாகவே பல்கலைக்கழகம் உண்டு. வவுனியா வளாகம் 2021இலே வவுனியாப் பல்கலைக்கழகமாயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரிலே இயங்குகின்றன. ஆயினும் 2017இல் வடக்குக் கிழக்குப் பட்டதாரிகள் வேலை கேட்டு மாதக்கணக்காக வீதியோரம் அமர்ந்தார்கள். 2020இலே அரசாங்கம் நாடெங்கும் பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்த்தது. பலருக்கு அதற்கிடையில் வாலிபத்தின் நல்ல ஆண்டுகள் கழிந்துபோயின. அவர்களை நான் இகழேன். தாய் நகையை அடகுவைத்துப் படிப்பித்த பிள்ளை நிலையான சம்பளம் தேடுவது இயல்பே.

விண்ணப்பம் எழுதிவிட்டுக் காத்திருக்கும் காலத்தையே நாம் திட்டமென மயங்குகிறோம். அதுதான் என் மனக்குறை. விசுவமடு வாலிபனுக்கு முன்னே நின்ற கேள்விகள் காணி எவருடையது, நீர் எத்தனை மாதம் ஓடும், விளைந்ததை எவர் வாங்குவார், கொழும்பிலே சட்டம் மாறினால் எப்படிப் பிழைப்பது என்பனவாம். கணினித் தொழிலானாலும் கற்பித்தலானாலும் இன்றைய மாணவன் இவற்றையே தன் துறைக்கேற்ப மாற்றிக் கேட்கலாம். இறுதி ஆண்டிலே கேட்டால் நேரம் போதாது. இரண்டாம் ஆண்டிலேயே கேட்கவேண்டும். பெரியோருக்கும் இதிலே பங்குண்டு. உரியவர் வெளிநாட்டிலிருக்கப் பற்றை மண்டிக்கிடக்கும் காணிகள் வன்னியிலே இன்னும் பல. நியாயமான குத்தகை உறுதியொன்று எழுதிக்கொடுக்க உரியவர் இசைந்தால், விவசாயம் கற்று வெளியேறும் பிள்ளை அடுத்த காலபோகத்திலேயே அங்கே வேலையைத் தொடங்கலாம்.