ராஜா காது கழுதைக் காது (1797)

இந்தக் கதை தெரியாத பிள்ளைகள் நம்ம ஊரில் குறைவு. ராஜாவுக்குக் கழுதைக் காது. விஷயம் நாவிதனுக்கு மட்டும் தெரியும். ரகசியம் தாங்காமல் குழி தோண்டி அதற்குள் சொல்லிவிட்டு வருவான். அங்கே முளைத்த நாணல் ஊருக்கே சொல்லிவிடும். கிரேக்கக் கதையில் அந்த ராஜா பெயர் மைதாஸ். தொட்டதெல்லாம் பொன்னாகும் வரம் வாங்கி அவதிப்பட்டாரே, அவரேதான்.

1797 மார்ச் 9-ம் தேதி லண்டனில் ஜேம்ஸ் கில்ரே வெளியிட்ட கார்ட்டூனில் இந்த மைதாஸ் வருகிறார். முகம் மட்டும் பிரதமர் வில்லியம் பிட்டுடையது! பேங்க் ஆஃப் இங்கிலாந்து கட்டடத்தின் மேல் காலை அகட்டி நிற்கிறார். தொந்தி முழுக்கத் தங்கக் காசு. வாயிலிருந்து கொட்டுவதோ காகித நோட்டு. தலையில் கழுதைக் காது. நாணலுக்குள் எதிர்க்கட்சிக்காரர்கள் கிசுகிசுக்கிறார்கள்.

அப்போது பிரான்சோடு யுத்தம். பிப்ரவரி 22-ம் தேதி சுமார் 1,400 பிரெஞ்சுப் படையினர் வேல்ஸ் கரையில் இறங்கினார்கள். இரண்டே நாளில் சரணடைந்தும்விட்டார்கள். பீதி மட்டும் அடங்கவில்லை. நோட்டைக் கொடுத்துத் தங்கம் கேட்டு ஜனங்கள் வங்கியில் குவிந்தார்கள். 26-ம் தேதி அரசு உத்தரவு வந்தது: நோட்டுக்குத் தங்கம் கிடையாது. தற்காலிக ஏற்பாடுதானாம். சில்லறைக்காக 1 பவுண்டு, 2 பவுண்டு நோட்டுகளை முதல்முறையாக அச்சடித்தார்கள்.

நம்ம நூறு ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். கவர்னர் கையெழுத்துக்கு மேலே, தருவதாக உறுதி சொல்லும் ஒரு வரி இருக்கும். எதைத் தருவார்? இன்னொரு நூறு ரூபாயைத்தான். 2016 நவம்பரில் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவனுக்கு அந்த ஒரு வரியின் கனம் தெரியும். கில்ரே படித்தது எழுத்து செதுக்கும் தொழிலும் ஓவியமும். இருந்தும் பத்தே நாளில் விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

மே 22-ல் இன்னொன்று போட்டார். வங்கி ஒரு கிழவி. உடுத்தியிருப்பது ஒரு பவுண்டு நோட்டுகள். உட்கார்ந்திருப்பது பணப்பெட்டி மேல். பிட் அவளை முத்தமிடுவதுபோல் பையில் கை விடுகிறார். 'திரெட்நீடில் தெருக் கிழவி' என்று அந்த வங்கியை இன்றைக்கும் சொல்கிறார்கள்.

சரி, இப்படி வாங்கு வாங்கென்று வாங்கியவரை அரசாங்கம் என்ன செய்தது? ஜெயிலில் போடவில்லை. அதே வருஷம் பிட்டின் ஆள் ஜார்ஜ் கேனிங் மூலமாக ரகசியமாக வருஷம் 200 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது. கில்ரே வாங்கிக்கொண்டார். பிறகு அடி அதிகம் விழுந்தது எதிர்க்கட்சிக்குத்தான். குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைக்காரி ஹன்னா ஹம்ஃப்ரியின் வீட்டில் குடியிருந்து, அவர் கடைக்கே தகடு செதுக்கிப் பிழைத்தவர். 1801-ல் பிட் பதவி விலகியதும் பணமும் நின்றுபோனது.

சில வருஷத்தில் பார்வை மங்கியது. அப்புறம் புத்தி பேதலித்தது. கடைசிவரை பார்த்துக்கொண்டவர் ஹன்னாதான். 1815 ஜூன் 1-ம் தேதி காலமானார். அந்தத் 'தற்காலிக' ஏற்பாடு முடிந்து நோட்டுக்குத் தங்கம் கிடைக்க 1821 ஆனது.