களை என்று பெயர் வாங்கிய மீன்கள்

போன ஞாயிறு சந்தையில் கட்லா, ரோகு, ஜிலேபி எல்லாம் கூடைகூடையாகக் கிடந்தன. "பொடி மீன் இருக்காம்மா?" என்று கேட்டேன். "அதெல்லாம் இப்ப யாருங்க புடிக்கிறா" என்றார் மீன்கார அம்மா. சாவுச் செய்தி கேட்டதுபோல இருந்தது.

அயிரை, கெண்டை, உளுவை, ஆரல், குறவை. கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவில் எங்கள் அரியலூர், பெரம்பலூர் ஏரிகளில் யாரும் விதைக்காமல் விளைந்தவை. ஐப்பசி மழையில் புதுத்தண்ணீருக்கு எதிரேறி வயல்வரைக்கும் வந்துவிடும். மடைவாயில் கூடை வைத்தால் ஒருவேளைக் குழம்புக்கு ஆச்சு. காசு கொடுத்து மீன் வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளையும் அன்றைக்கு மீன் தின்னும்.

அப்பாயி மீன் ஆய்வது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. சொரசொரப்பான மண்சட்டியில் போட்டு, கல்லுப்பும் அடுப்புச் சாம்பலும் தூவி, உள்ளங்கையால் வட்டமாக உரசுவார். செதில் கழன்று தண்ணீர் சாம்பல் நிறமாகும். கடைசித் தண்ணீர் தெளிந்த பிறகே மீன் குழம்புச் சட்டிக்குப் போகும். கொஞ்சம் பெரிதாக இருப்பதை மட்டும் கட்டைவிரலால் வயிறு பிதுக்குவார். சுண்டுவிரல் நீளத்தை முழுசாகவே போடுவார். "தலைய மென்னு தின்னுடா, துப்பாத" என்பார்.

அந்தத் தலையிலும் வயிற்றிலும்தான் சத்து இருந்தது. வங்கதேசத்தில் மோலா என்ற விரல்நீள மீனை ஆராய்ந்தவர் சகுந்தலா தில்ஸ்டெட். 2021இல் உலக உணவுப் பரிசு பெற்றவர். மோலாவின் 100 கிராமில் 2,500 மைக்ரோகிராமுக்கு மேல் வைட்டமின் ஏ உண்டு. சிறுபிள்ளைக்கு ஒரு நாளைக்கு 400 போதும். மோலாவின் வைட்டமினில் பெரும்பகுதி இருப்பது கண்ணிலும் குடலிலும். நாம் வெட்டி எறியும் இடங்களில். எல்லாப் பொடி மீனிலும் இவ்வளவு கிடையாது, கெண்டை வகைகளில் குறைவுதான். ஆனால் முள்ளோடு மென்று தின்கிற எந்த மீனும் பாலுக்கு ஈடான சுண்ணாம்புச்சத்தைத் தரும். ரோகுவின் முள்ளையோ தட்டோரம் ஒதுக்கிவிடுகிறோம்.

மாலைக்கண்ணைத் தடுக்க 1970இலிருந்து நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் கொடுக்கிறார்கள். புண்ணியமான காரியம். அதே நாட்டில் மீன்வளர்ப்புப் பாடம் இந்தப் பொடிகளுக்குக் 'களை மீன்' என்று பெயர் வைத்தது. கட்லா, ரோகு குஞ்சு விடுமுன் ஒரு மீட்டர் ஆழக் குளத்துக்கு, ஹெக்டேருக்கு 2,500 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கு கொட்டி அவற்றைக் கொல்லச் சொன்னது. பிள்ளையின் கண்ணுக்கு மருந்தாக இருந்ததைக் களை என்று எழுத எப்படிக் கை வந்தது? எனக்கு இன்றும் ஆறவில்லை.

மற்றதை வயலுக்கு அடித்த பூச்சிமருந்து பார்த்துக்கொண்டது. 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி ஏரியைப் பிடித்துக்கொண்டது. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் நிற்கும் காட்டில் மீன் ஏற ஏது தண்ணீர்? ஏலம் போன ஏரிக்குக் காவல் வந்தது. தூண்டிலோடு போன பிள்ளைகள் விரட்டப்பட்டார்கள்.

எங்கள் பக்கத்துக் கரைவெட்டி ஏரி 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே நீர்க்காகம் முங்கி எழும்போது அலகில் சின்னதாக ஏதோ துடிக்கிறது. கரையில் நின்று வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாயி மீன் பிடித்த மூங்கில் ஊத்தா இன்னும் வீட்டில் இருக்கிறது. கோழிக்குஞ்சுகள் பருந்துக்குத் தப்ப அதைக் கவிழ்த்து மூடி வைக்கிறோம்.