முன்பாரம், பின்பாரம்

வாசுதேவநல்லூரில் என் பாட்டனாரிடம் ஓர் இரட்டை மாட்டு வண்டி இருந்தது. நெல் மூட்டைகளை ஏற்றி முடித்ததும் அவர் வண்டியின் முன்பக்கம் வந்து, நுகத்தடியைக் கையால் சற்றே தூக்கிப் பார்ப்பார். தூக்க முடியாமல் கனத்தால் முன்பாரம். மாட்டின் கழுத்து புண்ணாகிவிடும். தானே மேலெழும்பினால் பின்பாரம். பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். ஒரு மூட்டையை ஒரு சாண் முன்னோ பின்னோ நகர்த்திச் சரிசெய்த பிறகே மாட்டைப் பூட்டுவார். எவ்வளவு பாரம் என்பதைக் காட்டிலும் அது அச்சுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே அவருக்கு முதற்கேள்வியாக இருந்தது.

பந்தயக் கார்களின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோது, அதுவும் இதே கேள்வியைச் சுற்றியே சுழல்வதைக் கண்டு வியந்தேன். இலக்கிய ஆசிரியனுக்கு இயந்திரத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எந்தச் சீரை எங்கே வைத்தால் அடி தடுமாறாது என்று பார்ப்பவனுக்கு இந்தக் கேள்வி அவ்வளவு அந்நியமானதன்று.

1886இல் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியில் எந்திரம் பின்புறமே இருந்தது. சில ஆண்டுகளுக்குள் பிரான்சின் பனார் நிறுவனம் எந்திரத்தை முன்னே வைத்துப் பின்சக்கரங்களை இயக்கியது. உலகம் அதையே இலக்கணமாக ஏற்றுக்கொண்டது. நம் அம்பாசடர் வரை அந்த மரபு நீண்டது. குதிரை வண்டியை இழுக்க வேண்டும், தள்ளக்கூடாது என்று என்சோ ஃபெராரி வாதிட்டதாக ஒரு செய்தி வழங்குகிறது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும்.

அந்த நியாயத்தை உடைத்தவர்கள் இங்கிலாந்தின் கூப்பர் தந்தையும் மகனும். இரண்டாம் உலகப்போருக்குப் பின், மோட்டார் சைக்கிள் எந்திரத்தை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே வைத்துச் சங்கிலியால் சக்கரத்தோடு இணைத்தார்கள். அப்படி வைப்பது எளிது என்பதே தொடக்கக் காரணம். 1958 ஜனவரியில் அர்ஜென்டினா பந்தயத்தில் ஸ்டிர்லிங் மாஸ் ஒரு சிறிய கூப்பர் காரில், தன்னினும் ஆற்றல்மிக்க முன்-எந்திரக் கார்களை வென்றார். உலகப் பட்டப் போட்டிகளில் ஓட்டுநருக்குப் பின்னே எந்திரம் கொண்ட கார் ஒன்று பெற்ற முதல் வெற்றி அது. கார் இலேசானது என்பதால் டயர்களை மாற்றாமலேயே அவர் ஓடி முடித்தார். முடிவில் ரப்பர் தேய்ந்து உள்நூல் தெரிந்தது. 1959, 1960 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஜாக் பிராபம் கூப்பரிலேயே உலகப் பட்டம் வென்றார். ஃபெராரியும் 1961இல் எந்திரத்தைப் பின்னுக்கு நகர்த்தியது.

காரணம் என்ன? காவடித் தண்டின் இரு முனைகளிலும் குடங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். உடல் திரும்பும், குடங்கள் திரும்ப மறுக்கும். திரும்பத் தொடங்கிவிட்டால் நிற்க மறுக்கும். அதே கனத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டால் நினைத்தபோது திரும்பலாம். கனமான எந்திரம் இரு அச்சுகளுக்கும் இடையில், நடுவுக்கு அருகில் இருக்கும்போது கார் வளைவில் உடனே பணிகிறது.

ஆனால் எந்திரம் பின் அச்சையும் தாண்டிப் போய்விட்டால் கதை வேறு. 1963இல் அறிமுகமான போர்ஷே 911 அத்தகையது. வளைவின் நடுவே அச்சமுற்று வேகத்தைக் குறைத்தால், பாரம் முன்னோக்கிச் சாயும். பின்சக்கரங்கள் பிடியை இழக்கும். கனத்த பின்புறம் முன்னே வந்துவிடப் பார்க்கும். தொடக்கத்தில் முன்முட்டுத் தாங்கியின் மூலைகளில் இரும்புக் கட்டிகளை வைத்துச் சமன் செய்யும் அளவுக்குப் போனார்கள். என் பாட்டனார் மூட்டையை நகர்த்தியதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. பின்னர் 1969ஆம் ஆண்டு மாதிரியில் இரு அச்சுகளுக்கிடையிலான தூரத்தை 57 மில்லிமீட்டர் கூட்டினார்கள்.

இங்கேதான் டயரின் அளவு நுழைகிறது. டயரின் மீது பாரம் இரு மடங்கானால் அதன் பிடி இரு மடங்காவதில்லை. சற்றுக் குறைவாகவே கூடுகிறது. ஆகவே நான்கு டயர்களும் ஒரே அளவாக இருந்தால், கனம் மிகுந்த பக்கமே வளைவில் முதலில் வழுக்கும். பின்பாரக் கார்களுக்குப் பின்னே அகலமான டயர் பூட்டுவது அழகுக்காக அன்று. அது ஒரு ஈடுகட்டல். அதையும் மிகுதியாகச் செய்தால் பின்புறம் அசையாமல் பிடித்துக்கொள்ள, முன்புறம் திரும்பாமல் நேரே போகும். மாருதி 800இன் டயரில் 145/70 ஆர் 12 என்று எழுதியிருக்கும். அகலம் 145 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 70 விழுக்காடு. உட்பொருந்தும் வளையம் 12 அங்குலம். சுவர் உயரமானால் குழிகளைத் தாங்கும், வளைவில் நெளியும். குட்டையானால் திருப்பத்துக்கு உடனே இசையும், ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்புக்குச் சொல்லும்.

அந்த மாருதி 800 வழியாகவே இவ்வரலாறு தமிழ்நாட்டுக்குள் வருகிறது. சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. ஆனால் அது வசதி படைத்தோரின் களம். கோவையின் எஸ். கரிவரதன் 1980களின் பிற்பகுதியில், வீட்டுக் காரின் முன்னே கிடந்த 796 சிசி எந்திரத்தை எடுத்து ஒற்றை இருக்கைக் காரில் ஓட்டுநருக்குப் பின்னே வைத்தார். ஃபார்முலா மாருதி பிறந்தது. கூப்பர்கள் மோட்டார் சைக்கிள் எந்திரத்தைக் கொண்டு செய்ததை இவர் நம் தெருக்களில் ஓடிய எந்திரத்தைக் கொண்டு செய்தார். எந்திரத்தின் ஆற்றல் கூடவில்லை. இடம் மாறியது, அவ்வளவே. பந்தயம் இன்னும் சிலருக்கு எட்டும் பொருளாயிற்று. 1995இல் சிறு விமான விபத்தொன்றில் அவர் இறந்தார். 2003இல் கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஸ்ரீபெரும்புதூர்த் தடத்தில் ஃபார்முலா மாருதியில் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டினார். அவ்வாண்டு ஜூன் 19 அன்று இண்டியானாபொலிசில் அவர் நான்காம் இடம் பெற்று 5 புள்ளிகள் ஈட்டினார். ஃபார்முலா 1 பந்தயத்தில் இந்தியர் ஒருவர் பெற்ற புள்ளிகள் அவை மட்டுமே. ஆனால் அன்று ஓடியவை ஆறே கார்கள். அத்தடத்தின் சாய்வான கடைசி வளைவை மிஷலின் டயர்கள் தாங்கவில்லை என்பதால், அவற்றைப் பூட்டிய 14 கார்களும் பந்தயம் தொடங்குமுன் ஓடும் அணிவகுப்புச் சுற்றோடு விலகிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டியவை மட்டும் ஓடின.

இதைச் சொல்லி அந்த நான்காம் இடத்தை நகையாடுவோர் உண்டு. ஆறு பேரில் நான்காமவர் என்பது உண்மையே. அதை மறைத்துப் பெருமை பேசுவது தகாது. எனினும் எனக்கு அது பழுதான வெற்றியாகத் தோன்றவில்லை. கார் என்பது எந்திரம் மட்டுமன்று. அவ்வளவு ஆற்றலும் இறுதியில் தரையைத் தொடுவது உள்ளங்கை அளவான நான்கு ரப்பர்த் திட்டுகளில்தான். அன்று பந்தயத்தைத் தீர்மானித்தது அந்தத் திட்டுகள்.

பாட்டனாரின் வண்டி இப்போது இல்லை. மதுரை – தென்காசிச் சாலையில் லாரிகள் எங்கள் ஊரைக் கடந்து விரைகின்றன. சரக்கைப் பின்னே குவித்து முன்சக்கரம் இலேசாகப் போகும் லாரி ஒன்றைக் காணும்போதெல்லாம், யாராவது அதன் நுகத்தடியைத் தூக்கிப் பார்த்திருக்கலாகாதா என்று மனம் கேட்கிறது.