ஏர்வாடி சங்கிலியும் நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையமும்

1/
2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. விடியற்காலையில் ஒரு மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீ. உள்ளே இருந்தவங்களால ஓட முடியல. கால்ல சங்கிலி. 28 பேர் இறந்தாங்க.

2/
"பெத்தவங்களே இப்படி விட்டுட்டுப் போவாங்களா?"ன்னு கேக்குறது சுலபம். நான் வேற கேள்வி கேக்குறேன். அவங்க ஊர்லயே, கடன் வாங்காம, மனநோய்க்கு மாத்திரை கிடைக்கிற இடம் இருந்துச்சா?

3/
இருந்திருக்கலாம். வழி முன்னாடியே தெரியும்.

1970களின் நடுவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் பக்கத்துல சகலவாராவிலயும், சண்டிகர் பிஜிஐ ஹரியானாவின் ராய்ப்பூர் ராணியிலயும் சோதிச்சுப் பார்த்தாங்க. மனநல நிபுணர் இல்லாம, சாதாரண டாக்டரும் கிராம சுகாதாரப் பணியாளரும் இந்த நோய்களைக் கவனிக்க முடியுமா?

முடியும்னு தெரிஞ்சது.

4/
1982ல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1980களின் பிற்பகுதியில் கர்நாடகாவின் பெல்லாரி மாவட்டம் முழுக்கச் செய்து காட்டினாங்க. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி, கைவிட்டு எண்ணக்கூடிய சில மருந்துகள், எளிமையான பதிவேடு. அவ்வளவுதான்.

5/
1996ல் அதுவே மாவட்ட மனநலத் திட்டமா ஆச்சு. தமிழ்நாட்டில் முதலில் திருச்சி.

ஆனா ஏர்வாடி எரிஞ்சப்போ தேசியத் திட்டத்துக்கு 19 வயசு. பெரும்பாலான மாவட்டங்களுக்கு அது போய்ச் சேரவே இல்ல.

6/
இப்போ என் கதை. நான் ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பார்த்தப்போ ஒரு அம்மா வாரா வாரம் வருவாங்க. தலைவலி, உடம்பு வலி, தூக்கமில்ல. ஒரு ஓபியில நூறு பேருக்கு மேல. ஒருத்தருக்கு ரெண்டு நிமிஷம். வலி மாத்திரையும் பி காம்ப்ளக்ஸும் எழுதிக் கொடுத்துக்கிட்டே இருந்தேன்.

"மனசு எப்படிம்மா இருக்கு?"ன்னு ஒரு நாள் கேட்டேன். பேசவே இல்ல, அழுதாங்க. அது மனச்சோர்வு. அத்தனை வாரம் நான் தவறவிட்டிருக்கேன்.

7/
இது என் ஒருத்தன் தப்பு மட்டும் இல்ல. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு சொல்றது: நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கல.

8/
2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. ஆரம்ப நிலை வரைக்கும் மனநல சேவை இருக்கணும்னும் சொல்லுது. ஆனா அத்தியாவசியப் பட்டியல் மருந்துகள் எப்போதும் இலவசம்ங்கிற உறுதி, சமுதாய சுகாதார நிலையத்துல இருந்துதான் தொடங்குது. உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் அதுக்கும் ஒரு படி கீழ.

அந்த ஒரு படிக்குத்தான் நோயாளி பஸ் ஏறணும். கூலி போகும். ரெண்டு மாசத்துல மாத்திரை நின்னுடும். நோய் திரும்பும்.

9/
அதனால நீங்க செய்ய வேண்டியது:

அடுத்த தடவை போறப்போ "இங்க மனநல மாத்திரை இருக்கா? மனநல டாக்டர் எந்த நாள் வர்றாங்க?"ன்னு கேளுங்க. கிராம சபையிலயும் கேளுங்க. தலைவலின்னு மட்டும் சொல்லாம, தூக்கம் போனதையும் அழுகை வர்றதையும் சேர்த்துச் சொல்லுங்க. பேச ஆள் வேணும்னா 14416, டெலிமானஸ். இலவசம், தமிழ்லயே பேசலாம்.

10/
சங்கிலியைச் சட்டம் அறுத்துடும். அந்த வீட்டுக்கு மாதா மாதம் மாத்திரை போய்ச் சேர்ந்தாதான் அது திரும்பக் கால்ல ஏறாது.